ஊரிலிருந்து திரும்பும் வழியில் வண்டி மக்கர் செய்தால்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கார் ஓட்டுபவர்களுக்கு

பொங்கலோ, ஆடிப் பதினெட்டோ, மாமன் வீட்டுக் கல்யாணமோ, ஊருக்குப் போகும்போது வண்டி பெரும்பாலும் ஒழுங்காகத்தான் போகிறது. தொல்லை கொடுப்பது திரும்பும்போதுதான். இதற்குக் காரணம் ராசியும் இல்லை, கண்ணேறும் இல்லை. போகும்போது நாலு பேரும் இரண்டு பையும் இருந்த வண்டியில், திரும்பும்போது அதே நாலு பேரோடு ஒரு மூட்டை ராகி, முப்பது தேங்காய், புளி, சாமை, மாம்பழக் காலமாக இருந்தால் இரண்டு பெட்டி செந்தூராவும் ஏறியிருக்கும். வண்டி இரண்டு மூன்று நாள் வைக்கோல் போர் பக்கத்தில் அசையாமல் நின்றிருக்கும். ஓட்டுபவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். மதியம் கிளம்புவதாகச் சொல்லி, கிளம்பும்போது இருட்டியிருக்கும்.

எடை, நின்ற இடம், ஓட்டுபவரின் அலுப்பு, நேரம். திரும்பும் பயணத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றில் போய் முடியும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும், எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் இந்த நான்கையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

நம் சாலையின் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து தர்மபுரிக்குத் தொப்பூர் கணவாய் வழியாக ஏற்றம். அதே வழியில் சேலம் திரும்பினால் இறக்கம். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர். ஆக பெங்களூரு பக்கம் திரும்புகிறவர்களின் வண்டி கிருஷ்ணகிரி தாண்டியதும் சூளகிரி வழியாக ஏறிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு ஏற்றம் மாதிரி தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும். சேலம், கோவை பக்கம் போகிறவர்களுக்குப் பிரேக்தான் கவலை. ஓசூர், பெங்களூரு போகிறவர்களுக்கு எஞ்சின் சூடு.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில்

வண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஆட்களைப் பற்றி யோசியுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, மெதுவாக இடது ஓரம் ஒதுங்கி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு போய் நிறுத்துங்கள். டயர் கிழிந்தாலும் பரவாயில்லை, ரிம் நசுங்கினாலும் பரவாயில்லை, பாதுகாப்பான இடம் வரை உருட்டிக்கொண்டு போவதுதான் சரி. எல்லாரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்க வேண்டும். இறங்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், வண்டிக்குப் பின்னால் இல்லாமல் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். "ஆயாவுக்குக் கால் வலி, உள்ளேயே உட்காரட்டும்" என்று விடாதீர்கள். நெடுஞ்சாலையில் நின்ற வண்டியின் மேல் பின்னால் வரும் லாரி மோதுவது அடிக்கடி நடக்கிறது. அவரைக் கைத்தாங்கலாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் ஒரு பையைப் போட்டு உட்கார வையுங்கள்.

சிவப்பு முக்கோணத்தை வண்டியின் பின்பக்கம் சாய்த்து வைத்தால் பயன் இல்லை. குறைந்தது 50 மீட்டர் பின்னால், அதாவது அறுபது எழுபது எட்டு நடந்து போய் வைக்க வேண்டும். வளைவு தாண்டி நின்றிருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். நடக்கும்போது வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடி ஓரமாக நடங்கள். கைபேசி டார்ச்சை எரிய விடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் எல்லாவற்றுக்கும் அதுதான். அடிபட்டிருந்தால் 108. போலீஸ் உட்பட எந்த அவசரத்துக்கும் 112. கூப்பிடும்போது "கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தாபா பக்கத்தில்" என்று சொன்னால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும் ரோந்து வண்டியால் பலன் இல்லை, சுற்றி வர வெகுநேரம் ஆகிவிடும்.

அறிகுறி: டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அல்லது சிவப்பு விளக்கு எரிகிறது

எப்போது ஏறுகிறது என்று கவனித்தால் பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பண்டிகைக் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முள் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால், ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை, நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும். இதற்கு நேர்மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, சூளகிரி ஏற்றத்தில் வேகமாகப் போகும்போது முள் ஏறினால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) சரியாகத் திறக்காமல் இருக்கலாம். டிக்கியில் கூடுதலாக ஏறிய எடை இந்தக் குறையை வெளியே கொண்டு வரும். தனியாக அலுவலகம் போய்வரும்போது அந்த ரேடியேட்டர் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்திருக்கும்.

முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். மே மாத வெயிலில் இது கொடுமைதான், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும். ஒதுங்க இடம் கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்க இந்த வழி. முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட வேண்டாம். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணியைச் சுற்றித் திறக்கலாம் என்று பக்கத்தில் வந்து நிற்கும் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பானெட்டின் இடுக்கில் புகை வந்தால் அது அடங்கும் வரை பானெட்டையும் தூக்க வேண்டாம். குறைந்தது அரை மணி, முடிந்தால் முக்கால் மணி நேரம் விடுங்கள். மேல் ரப்பர் குழாயைத் தொட்டால் கை சுடாத நிலை வர வேண்டும்.

ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். அளவுக் கோடுகள் வெளியே தெரியும். குறைந்திருந்தால் கூலன்ட், அது இல்லையென்றால் குடிதண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடான எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் சொட்டினால் கூலன்ட் ஒழுகுகிறது. நிறமே இல்லாத தண்ணீர் இடது முன்பக்கம் சொட்டினால் பெரும்பாலும் அது ஏசித் தண்ணீர்தான், பயப்பட வேண்டாம்.

ஒழுகல் இல்லையென்றால் எஞ்சினை ஓட விட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கம் இருக்கும் படத்தைப் பார்த்து ஃபேன் ஃபியூஸைச் சோதியுங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள உதிரி ஃபியூஸைப் போடலாம். பெரிய அளவைப் போட்டால் அடுத்து எரிவது வயர்.

தண்ணீர் ஊற்றி ஐந்து பத்து கிலோமீட்டரில் மறுபடி முள் ஏறினால் அதோடு நிறுத்துங்கள். ஆயில் மூடியைத் திறந்து பார்த்து, உள்பக்கம் பால் கலந்த டீ நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தாலோ ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) பெரும்பாலும் போயிருக்கிறது. இதற்கு மேல் அந்த வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். இரவு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ தங்கும் செலவு, எஞ்சின் வேலைச் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அறிகுறி: தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை

இங்கே நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுவேன். தொப்பூரில் பிரேக் தோற்பது லாரிகளுக்கு மட்டும் நடப்பது என்று கார் ஓட்டுபவர்கள் நினைக்கிறார்கள். ஏழு பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டி, இறக்கம் முழுக்கப் பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தால், அதற்கும் அதே கதிதான்.

பெடல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மெதுமெதுவென்று வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 (DOT 3) தர பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரையும், டாட் 4 ஆயில் 230 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பழைய ஆயிலில் இந்த அளவு முறையே 140, 155 என்று இறங்கிவிடும். பல கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். பெடல் வழக்கம்போல இருந்து, கருகல் வாடையோடு வண்டி மட்டும் நிற்க மறுத்தால் பிரேக் பேட் சூடேறிப் பிடிமானம் இழந்துவிட்டது. பெடல் இறங்கவே மறுத்து இறுகினால், எஞ்சின் அணைந்துவிட்டதா என்று பாருங்கள். பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று சாவியை அணைத்து உருட்டுவது இறக்கத்தில் செய்யக் கூடாத காரியம். நியூட்ரலிலும் மிச்சம் இல்லை. இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருள் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்கு எரிபொருள் செலவாகும்.

பிரேக் தளர்வது தெரிந்த உடனே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள்: ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று, தேவையானால் இரண்டு. ஆட்டோமேட்டிக் வண்டியில் மேனுவல் நிலைக்கோ, எல், 2 என்று எழுதியிருப்பதற்கோ மாற்றுங்கள். பெடல் ஆழமாகப் போனால் வேகவேகமாக நாலைந்து முறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். அதன் நுனிப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விட வேண்டும். ஹாரன், நான்கு இண்டிகேட்டர், இடது ஓரம். கடைசி வழியாக ஓர மண்ணிலும் சரளையிலும் சக்கரத்தை இறக்குங்கள், வேகம் குறையும்.

நின்ற பிறகு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் வளைந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி வைக்காமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல்லை வையுங்கள். அரை மணி நேரம் ஆற விடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை மறக்காமல் எடுத்து ஓரத்துக்கு வெளியே போடுங்கள். பின்னால் இருட்டில் வரும் இரு சக்கர வண்டிக்காரரின் உயிர் அந்தக் கல்லில் இருக்கிறது. ஆறியதும் பிரேக் பழையபடி பிடித்தால் இரண்டாம் மூன்றாம் கியரிலேயே மெதுவாக இறங்கலாம். பெடல் இன்னும் ஆழமாகப் போனால் வண்டியை நகர்த்தவே கூடாது, 1033தான்.

வராமல் தடுக்க ஒரே விதி போதும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ, அதே கியரில் இறங்குங்கள். பாளையம் டோல்கேட் தாண்டி இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

அறிகுறி: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங் ஆடுகிறது, தடதடவென்று சத்தம்

டயர்தான். ஒரு பக்கம் இழுத்தால் முன் டயர், பின்பக்கம் அலைபாய்ந்தால் பின் டயர். திடீரென்று பிரேக் போடாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, தானாக வேகம் குறைந்ததும் ஒதுங்குங்கள்.

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்து காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்க வேண்டாம். அதுவேதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. மெதுவாகப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். காரிமங்கலம், காவேரிப்பட்டணம், சூளகிரி என்று வழியெங்கும் ஊர்கள் இருக்கின்றன. டயரின் பக்கச்சுவரில் கிழிசலோ வீக்கமோ இருந்தால் பஞ்சர் போட முடியாது, ஸ்டெப்னிதான்.

ஸ்டெப்னி எங்கே இருக்கிறது? பல கார்களில் ராகி மூட்டைக்கும் தேங்காய்க்கும் அடியில்! இருட்டில் சாலையோரத்தில் எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டியிருக்கும். அதனால் ஜாக்கி, வீல் ஸ்பேனர், முக்கோணம், டார்ச், அலாய் வீலுக்குப் பூட்டு நட் இருந்தால் அதன் சாவி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு முன் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதை ஊரில் கிளம்பும்போதே பார்க்க வேண்டும்.

மாற்றும் முறையில் பலர் தவறுவது இரண்டு இடங்களில். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். திரும்ப முடுக்கும்போது எதிரெதிர் நட்டாக முடுக்க வேண்டும், வரிசையாக அல்ல. ஓர மண் இளகியிருந்தால் ஜாக்கிக்கு அடியில் தட்டையான பலகையைப் போடுங்கள். மூட்டையும் ஆட்களும் இறங்கிய பிறகே தூக்க வேண்டும். சின்ன அளவு ஸ்டெப்னியாக இருந்தால் அதன் மேலேயே வேக வரம்பு எழுதியிருக்கும், பெரும்பாலும் 80 கிலோமீட்டர்.

இதற்கெல்லாம் மூல காரணம் பல சமயம் காற்றழுத்தம்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பல கார்களுக்கு இரண்டு அளவு போட்டிருப்பார்கள், ஒன்று ஒன்றிரண்டு பேருக்கு, மற்றது முழு எடைக்கு. திரும்பும் பயணத்துக்கு இரண்டாவது அளவுதான் உங்கள் அளவு. டயர் சூடாவதற்கு முன், ஊருக்குப் பக்கத்து பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளுங்கள். குறைந்த காற்றும் கூடுதல் எடையும் வெயிலில் காய்ந்த சாலையும் சேர்ந்தால் டயர் வெடிக்கும்.

மூட்டையை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியம்மா காய வைத்துப் புடைத்துக் கட்டிக் கொடுத்த ராகியை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கனமானதைக் கீழே, பின் சீட்டு முதுகை ஒட்டி வையுங்கள். கண்ணாடியை மறைக்கிற மாதிரி மேலே அடுக்காதீர்கள். திடீர்ப் பிரேக்கில் தேங்காய் பின்னால் இருப்பவரின் தலையில் வந்து விழும்.

அறிகுறி: எதிரில் வருபவர்கள் எல்லாரும் லைட் அடிக்கிறார்கள்

டிம்மில்தான் போகிறீர்கள், ஆனாலும் அடிக்கிறார்கள். டிக்கியில் எடை ஏறியதால் வண்டியின் மூக்கு தூக்கி, வெளிச்சம் அவர்கள் கண்ணுக்குப் போகிறது. பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிறவர்கள், அரூர், பென்னாகரம் சாலைகளில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் பல கார்களில் உண்டு. எடை கூடக் கூட எண்ணையும் கூட்டுங்கள், வெளிச்சம் கீழே இறங்கும்.

அறிகுறி: சிவப்பு ஆயில் விளக்கு

ஊர் மண்பாதையில் கல் தட்டிய சத்தம் கேட்டதா என்று நினைத்துப் பாருங்கள். எடை ஏறிய வண்டி தாழ்ந்து போவதால் பாறையும் உயரமான வேகத்தடையும் அடியில் இடிக்கும். ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விரிசல் விட்டால் எஞ்சின் ஆயில் மொத்தமும் ஒழுகிவிடும். இந்த விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்ற பேச்சே இல்லை. உடனே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் விளக்கு எரிந்தால் ஆயில் பம்போ சென்சாரோ, எது என்று சாலையோரத்தில் கண்டுபிடிக்க முடியாது. ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: டீக்கடையில் நிறுத்தினோம், இப்போது செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பினால் டக் டக் என்று மட்டும் கேட்டு, மீட்டர் விளக்குகள் மங்கினால் பேட்டரி. ஊரில் மூன்று நாள் பிள்ளைகள் வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருப்பார்கள், டிக்கி விளக்கு எரிந்தபடி இருந்திருக்கும். பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளை அசைத்துப் பாருங்கள். வெள்ளைப் பூப் பூத்துத் தளர்ந்திருந்தால் சுரண்டி இறுக்கினாலே சில சமயம் எடுத்துவிடும்.

ஜம்ப் கேபிள் கிடைத்தால் வரிசை இதுதான்: சிவப்பு முதலில் உங்கள் பேட்டரியின் பிளஸ், அதன் மறுமுனை உதவ வந்த வண்டியின் பிளஸ். கறுப்பு அவர்கள் பேட்டரியின் மைனஸ், அதன் மறுமுனை உங்கள் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கழற்றும்போது தலைகீழ் வரிசை. கேபிள் இல்லையென்றால் மேனுவல் கியர் வண்டியைத் தள்ளி இரண்டாம் கியரில் விட்டு எடுக்கலாம். கடையின் முற்றத்துக்குள் மட்டும் தள்ளுங்கள், நெடுஞ்சாலையில் அல்ல. ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி எடுக்க முடியாது.

மீட்டர் விளக்குகள் பளிச்சென்று இருந்தும், சாவி படம் போட்ட விளக்கு மின்னினால் பேட்டரியில் பழுதில்லை, சாவியை வண்டி அடையாளம் காணவில்லை. பொத்தான் ஸ்டார்ட் வண்டிகளில் பெரும்பாலும் சாவியையே அந்தப் பொத்தானில் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி விளக்கு எரிந்தால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) சார்ஜ் ஏற்றவில்லை. ஏசி, பாட்டு, கைபேசி சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்தி, அணைக்காமல் அடுத்த ஊருக்குப் போங்கள். கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது, அப்போது போகக் கூடாது.

அறிகுறி: ஏதோ வாடை

இனிப்பு வாடை கூலன்ட். கருகல் வாடை இறக்கத்தில் வந்தால் பிரேக், ஏற்றத்தில் நெரிசலில் வந்தால் கிளட்ச் பிளேட், சமதளத்தில் வந்தால் ஹேண்ட் பிரேக்கை விடாமல் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் வயர். உடனே நிறுத்தி, சாவியை அணைத்து, எல்லாரையும் இறக்கிவிடுங்கள். புகையோடு வந்தால் பானெட்டை முழுக்கத் திறக்காதீர்கள், காற்று உள்ளே போனதும் தீ பிடிக்கலாம். வைக்கோல் பக்கத்தில் நின்ற வண்டியின் பானெட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கும், வயரைக் கடித்திருக்கும். ஊரில் கிளம்பும் காலையில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. வைக்கோல் துணுக்கு, எலிப் புழுக்கை எது தெரிந்தாலும் வயர்களைத் தடவிப் பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.

அறிகுறி: ஓட்டுபவருக்குக் கண் சொக்குகிறது

இதுவும் கோளாறுதான், இருப்பதிலேயே பெரியது. கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று நினைவில்லை, கொட்டாவி நிற்கவில்லை, கண் எரிகிறது, சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வண்டி நகர்ந்து திடுக்கிட்டுத் திருப்புகிறீர்கள். கடைசியாகச் சொன்னது நடந்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே சில நொடிகள் தூங்கிவிட்டீர்கள் என்று பொருள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது.

கண்ணாடியை இறக்குவது, சத்தமாகப் பாட்டு வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பங்கிலோ ஓட்டலிலோ நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் இரண்டும் சேர்ந்து பலன் தரும். எழுந்து பத்து நிமிடம் நடந்த பிறகு ஓட்டுங்கள். சாலையோரத்தில் லாரிகளுக்குப் பின்னால் நிறுத்தித் தூங்க வேண்டாம்.

அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரையும், மதியம் களியும் கறிக்குழம்பும் சாப்பிட்ட பிறகு இரண்டிலிருந்து நாலு வரையும் உடம்பு தானாகவே தூக்கம் கேட்கும். பக்கத்தில் இருப்பவர் விழித்திருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். வாசலில் நின்று அம்மா "இருட்டிப் போச்சு, இருந்துட்டு வெடியால போ கண்ணு" என்று சொன்னால், அதை வெறும் பாசம் என்று தள்ளாதீர்கள். மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடலாம்.

அறிகுறி: முன்னால் வண்டிகள் லைட்டைக் குறைத்து அமைதியாக நிற்கின்றன

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கமோ, சானமாவு காட்டை ஒட்டியோ, பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் சாலையிலோ இது நடந்தால் யானை சாலையைக் கடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ராகி விளையும் பனிக்காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டமாக இறங்கி வரும். ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம். பின்னால் இடம் விட்டு நின்று, கூட்டம் முழுவதும் போன பிறகும் கொஞ்ச நேரம் காத்திருங்கள். குட்டி பின்தங்கி வரலாம்.

காட்டுச் சாலையில் வண்டி நின்றுபோனால், மேலே நெடுஞ்சாலைக்குச் சொன்னது இங்கே பொருந்தாது. வண்டி சாலையோரத்தில் இருக்கும் வரை உள்ளேயே இருந்து 112-ஐக் கூப்பிடுங்கள். இருட்டில் உதவி தேடி நடந்து போகாதீர்கள். டிக்கியில் பலாப்பழமும் மாம்பழமும் இருந்தால் கண்ணாடிகளை ஏற்றியே வையுங்கள், வாசனை பிடித்து யானை வரும்.

அறிகுறி: இடித்துவிட்டது

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108. காயம் பட்டவருக்குச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது ஓட்டுநரின் சட்டப்படியான கடமை. உதவி செய்தவரை வழக்கில் இழுப்பார்களோ என்று வழிப்போக்கர் தயங்கத் தேவையில்லை, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், மாநிலத்துக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

காயம் இல்லாத சின்ன இடியாக இருந்தால் இரண்டு வண்டியின் எண்ணும் தெரிய, நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டு உடனே ஓரம் கட்டுங்கள். நடுச்சாலையில் நின்று வாக்குவாதம் செய்வதுதான் சின்ன விபத்தைப் பெரிய விபத்தாக்கும். முன்பக்கம் இடித்திருந்தால் கிளம்புவதற்கு முன் ரேடியேட்டர் ஒழுகுகிறதா, சக்கரத்தில் எதுவும் உரசுகிறதா, லைட் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தானாக வந்து தானாகச் சரியாகிவிட்டது

வீடு வந்து சேர்ந்து, மூட்டைகளை இறக்கியதும் சத்தமும் இல்லை, சூடும் இல்லை, இழுப்பும் இல்லை. சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், எடை இறங்கியதால் கோளாறு ஒளிந்திருக்கிறது. மெக்கானிக் காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் அவருக்கும் தெரியாது. அதனால் அன்று இரவே கைபேசியில் குறித்து வையுங்கள்: எந்த இடம், ஏற்றமா இறக்கமா, எத்தனை கிலோமீட்டர் வேகம், எந்தக் கியர், ஏசி ஓடியதா, எத்தனை பேர், எவ்வளவு எடை, எந்தப் பக்கமிருந்து சத்தம், எத்தனை நிமிடத்தில் நின்றது. மெக்கானிக்கிடம் அதை அப்படியே படித்துக் காட்டி, முடிந்தால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு அவரையே ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.